வைக்கோல் பத்தாது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பங்குமக்கள் அனைவருக்கும் என் வணக்கம். கிறிஸ்து பிறப்பின் பொருள் நமக்கு மிகுதியாக விளங்குவது கொண்டாட்டத்திலா, காத்திருப்பிலா என்பது இன்றைய கேள்வி. காத்திருப்பிலே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தம் உரையில் ஓர் உவமை சொன்னார். "பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நிற்கலாம், பேருந்து வந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் நிறுத்தத்திலேயே நிற்பவர்களை என்னவென்று சொல்வது?" என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விட்டு நான் நகரப் போவதில்லை. ஆனால் அதற்கு முன் உங்களை என் பாட்டி வீட்டுக் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

குமரிக் கடற்கரையில் ஒரு சிற்றூர். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளின் ஆயத்தக் காலமான திருவருகைக்காலம் தொடங்கியதும் பாட்டி வீட்டு முன்னறையில் குடில் எழும்பிவிடும். பனையோலைக் கூரை, சிமெண்ட் சாக்கைக் கசக்கி வண்ணம் பூசிய மலை, டப்பா மூடிகளில் நெல் முளைக்க வைத்து உண்டாக்கிய பச்சை வயல். மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை எல்லாரும் வந்துவிடுவார்கள். பாலன் இயேசு மட்டும் வரமாட்டார். அவருடைய சிறு சிலையான அந்தச் சுரூபம் மெல்லிய துணியில் சுற்றப்பட்டு, அலமாரியின் உச்சியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். தீவனத் தொட்டி வெறும் பலகையாகக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் ஜெபமாலை முடிந்த பிறகு, அன்று ஏதேனும் ஒரு நல்ல காரியம் செய்த பிள்ளை, விரல் நீளத்துக்கு ஒடித்த ஒரு வைக்கோலை அந்தத் தொட்டியில் போடலாம். நல்ல காரியம் செய்யாத பிள்ளை வேடிக்கை பார்க்கலாம்.

எனக்கு அப்போது எட்டு வயது. பெருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பக்கத்து வீட்டுக் குடிலில் பாலன் வந்து சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் மட்டும் தொட்டி காலி. எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டி கடைக்குப் போன நேரம் பார்த்து நாற்காலி போட்டு ஏறினேன், டின்னைத் திறந்தேன், பாலனை எடுத்து அந்தத் தொட்டியில் கிடத்திவிட்டேன். கிடத்திவிட்டு, கைகூப்பி, முழங்காலில் நின்று பாட்டும் பாடினேன். பாட்டி வாசலில் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன், விழவில்லை. பாட்டி குனிந்து உட்கார்ந்தார். தன் சுட்டுவிரலைப் பாலனின் முதுகுக்குக் கீழே மெல்ல நுழைத்துப் பார்த்தார். கீழே நான்கைந்து வைக்கோல்தான், மற்றதெல்லாம் பலகை. பிறகு என் முகத்தைப் பார்த்து, "முதுகுல குத்தும் மக்களே, வைக்கோல் பத்தாது" என்றார். அவ்வளவுதான். சுரூபத்தைத் துணியில் சுற்றினார், டின்னில் வைத்தார், அலமாரியின் மேல் ஏற்றினார்.

எதிரணி நண்பரே, அந்த விரலைப் பாருங்கள். அது என்னைத் தண்டிக்க நீண்ட விரல் அன்று. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் படுக்கை போதுமா என்று தொட்டுப் பார்த்த விரல். அதற்குப் பிறகு வந்த எட்டு நாள்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. படுத்த படுக்கையாக இருந்த அண்டை வீட்டுத் தாத்தாவுக்குக் குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்தோம்: ஒரு வைக்கோல். தம்பிக்கு என் பங்கு முறுக்கைக் கொடுத்தேன்: ஒரு வைக்கோல். சண்டையிட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த என் சித்தி மகளிடம் போய் "என் மேல்தான் தப்பு" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வைக்கோலுக்கு எனக்கு மூன்று நாள் ஆனது. 24 ஆம் தேதி இரவு பாட்டி மறுபடியும் விரலை நுழைத்துப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் டின்னை என் கையிலேயே கொடுத்தார்.

இப்போது பேருந்துக்கு வருகிறேன். நிறுத்தத்தில் நிற்பவனுக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அவன் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பேருந்துக்கு ஒன்றுமில்லை. திருச்சபை கற்பிக்கும் காத்திருப்பு அப்படிப்பட்டதன்று. அது வைக்கோல் சேர்க்கும் வேலை, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டின் வேலை. இன்னொன்றும் இருக்கிறது. நண்பர் ஒரே ஒரு வருகையைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியான புனித பெர்நார்து தம் திருவருகைக்கால மறையுரையில் மூன்று வருகைகளைச் சொல்கிறார்: ஊனுடல் எடுத்து வந்த முதல் வருகை, மாட்சியோடு வரவிருக்கும் இறுதி வருகை, இவ்விரண்டுக்கும் நடுவே நம் உள்ளத்தில் மறைவாக நிகழும் வருகை. ஒவ்வொரு திருப்பலியிலும், அப்பத்தையும் கிண்ணத்தையும் குரு உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்குப் பின், ஆண்டவர் வருமளவும் அவருடைய இறப்பை அறிக்கையிடுவதாக நண்பரும் நம்மோடு சேர்ந்துதானே சொல்கிறார்? "வருமளவும்" என்று வாரந்தோறும் சொல்லிவிட்டு, வந்து முடிந்துவிட்டது என்று மேடையில் சொல்லலாமா? நம் வழிபாட்டு நாள்காட்டியே இதை வகுத்து வைத்திருக்கிறது: திருவருகைக்காலத்தில் டிசம்பர் 16 வரை அவருடைய இறுதி வருகையே முதன்மைச் சிந்தனை, 17 முதல் 24 வரைதான் பெத்லகேமை நோக்கி நேராகத் திரும்புகிறோம்.

குடில் என்பதே கொண்டாட்டத்தின் சின்னம் என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். 1223 ஆம் ஆண்டு, இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் என்ன இருந்தது என்று பாருங்கள். வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம் ஒன்றும் இல்லை. அந்த வெறுந்தொட்டியின் மீதுதான் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அதை ஆயத்தப்படுத்தும்படி ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே அவர் நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

நள்ளிரவுத் திருப்பலியில் "உன்னதங்களிலே" பாடல் எழும்போது கோயில் மணிகள் எல்லாம் ஒலிக்க, நமக்கு உடல் சிலிர்க்கிறதே, அது எதனால்? நான்கு ஞாயிறுகளில் அந்தப் பாடலை நாம் பாடாமல் அடக்கி வைத்திருந்ததனால். நவம்பரிலேயே கேக்கை வெட்டிவிட்ட வாய்க்கு அந்தச் சிலிர்ப்பு கிடைப்பதில்லை.

ஆல்பிரட் டெல்ப் என்ற இயேசு சபைக் குருவை நினைத்துப் பாருங்கள். 1944 ஆம் ஆண்டின் திருவருகைக்காலத்தில் அவர் ஹிட்லரின் நாஜி ஆட்சியின் கைதியாக பெர்லின் டேகல் சிறையில் இருந்தார். விலங்கிட்ட கைகளோடு, கிடைத்த தாள்களில் திருவருகைக்காலத்தைப் பற்றியே எழுதினார். துவைக்கப் போன துணிகளுக்குள் மறைந்து அந்தத் தாள்கள் வெளியே வந்தன. 1945 பிப்ரவரி 2 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நாள், வாழ்நாளெல்லாம் காத்திருந்த சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய விழா நாள். அவருக்கு அந்த ஆண்டு எந்தக் கொண்டாட்டம் கிடைத்தது? ஆனாலும் கிறிஸ்து பிறப்பு அவருக்கு விளங்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

நடுவர் அவர்களே, பெர்லின் வரை போக வேண்டியதில்லை. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு எப்படிக் கணக்கிடப்படுகிறது? நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு. அந்திரேயா வலை வீசிய மீனவர். 2017 ஆம் ஆண்டு அந்த மீனவரின் திருநாளில்தான் ஒக்கிப் புயல் எங்கள் கடலைப் புரட்டிப் போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. மூன்றாம் நாள், டிசம்பர் 3, திருவருகைக்கால முதல் ஞாயிறு. அன்று கோயிலில் வாசிக்கப்பட்ட மாற்கு நற்செய்தி என்ன தெரியுமா? விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரா, நள்ளிரவில் வருவாரா, சேவல் கூவும் வேளையில் வருவாரா, காலையில் வருவாரா என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டுத் தலைவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அமர்ந்திருந்த பெண்கள் அந்த வரிகளைக் கேட்டார்கள். அழுகையில் கோயில் கரைந்தது. அந்த வாரத்திலேயே அவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்களுள் ஒருவர் என் சித்தி. நான் சண்டையிட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தேனே, அந்தச் சித்தி மகளின் தாய். சித்தப்பா வரவில்லை. அன்றிலிருந்து சித்தி இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. அவரிடம் போய், பேருந்து வந்து போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று யாரேனும் சொல்ல முடியுமா நண்பரே?

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவில் சித்தி கோயிலுக்கு வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வந்தார். பட்டுச் சேலை இல்லை, பூ இல்லை. உள்ளங்கையில் ஒரு பிடி வைக்கோல். குடிலின் முன் முழங்காலில் நின்று, பாலனின் தலைமாட்டில் அதை வைத்து, முதுகுக்குக் கீழே விரலை நுழைத்துப் பார்த்தார். "உன்னதங்களிலே" தொடங்கியபோது எழுந்தார். பூசை முடியும்வரை இருங்கள் என்று கையைப் பிடித்தேன். "இல்ல மக்களே, ஆளு வரும்போ வீட்டுல வெளக்கு எரியணும்" என்று சொல்லிவிட்டு, மணிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கடற்கரை மணலில் இறங்கி நடந்தார்.