உதவி கிடைத்த பிறகு வரும் ஐந்து நிமிடம்

அனைவருக்கும் வணக்கம். வேலையிடத்தில் கற்கும் மனநிலை என்றதும் பலரும் ஆன்லைன் கோர்ஸ்களைத்தான் நினைக்கிறார்கள். சான்றிதழ் வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஒருவர் உண்மையில் கற்கிறாரா என்பது, பக்கத்து இருக்கைக்காரர் உதவிவிட்டுப் போன பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தெரியும் என்று நான் நினைக்கிறேன்.

ஒருவர் எக்செலில், பட்டியலில் ஒன்றைத் தேடி அதே வரியிலுள்ள விடையை எடுத்துத் தரும் வி-லுக்அப் என்ற ஃபார்முலாவைப் போடுகிறார். விடை தப்பாக வருகிறது. அனுபவமுள்ள ஒருவர் வந்து, மவுஸை வாங்கி, ஃபார்முலாவின் கடைசியில் ‘ஃபால்ஸ்’ என்று சேர்த்ததும் சரியான எண் வந்துவிடுகிறது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் அந்த ஷீட் மட்டும்தான் திருந்தியிருக்கும். “அது இல்லாவிட்டால் ஏன் தப்பாக வருகிறது?” என்று கேட்டால்தான், அதைச் சேர்க்காமல் விட்டால் பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக எக்செல் எடுத்துக்கொள்ளும் என்பதும், தேடியது இல்லாதபோதுகூட வேறொரு வரியின் விடையைத் தந்துவிடக்கூடும் என்பதும் தெரியவரும். பிழை என்று திரையில் எதுவும் காட்டாமல் வரும் எண்ணையும் சரிபார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. மவுஸை வாங்கிக்கொள்ளும் நல்லவர்களே, தயவுசெய்து அதை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.

காரணம் புரிந்துவிட்டால் போதாது. மறுநாள் பழைய ஃபைலைத் திறக்காமல், வெற்று ஷீட்டில் அதையே நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. குறிப்பேட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதை நம்பிவிடக் கூடாது.

இதெல்லாம் தனி ஆளின் கையில் மட்டும் இல்லை. மருத்துவமனைக் குழுக்களில் நேரும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து, நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், நல்ல தலைமை உள்ள குழுக்களில் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகளை மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். “இதுகூடத் தெரியாதா?” என்று மேலாளர் ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த கேள்வி அவர் காதுக்கு வராது, அந்தக் குழுவில் பயிற்சி வகுப்புக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவர்கள், கேட்பதற்கு முன் என்ன செய்தோம், என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன வந்தது என்பதை எழுதி அதையே அனுப்பலாம். சோம்பேறித்தனமான கேள்வி என்று யாரும் அதைத் தள்ளிவிட முடியாது. எழுதும்போதே விடை அகப்பட்டு, அனுப்பாமலே அழித்துவிடும் நாள்களும் உண்டு.