முள்ளைப் பார்த்துப் பெயர் சொல்வோம்

நண்பர்களே, கென்யா, தான்சானியா புல்வெளிப் படங்களில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் குடை விரித்த மரம் ஒன்று நிற்கும். அதன் காலடியில் மண்டிக் கிடக்கும் முட்புதர்களை யாரும் கவனிப்பதில்லை. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றித்தான்.

எல்லாவற்றுக்கும் பொடி இலை, எல்லாவற்றிலும் முள், கோடையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். யானையும் ஆடும் கடித்துக் குட்டையாக்கிவிட்டால் மரமாக வேண்டியது எது, புதராகவே நிற்பது எது என்றுகூடத் தெரியாது. பிலிப் மில்லர் 1754இல் முறைப்படி வரையறுத்த 'அகேசியா' என்ற பேரினத்துக்குள் இவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக அடைத்து வைத்திருந்ததில் வியப்பில்லை.

சரி, எப்படிப் பிரிப்பது? இலையை விடுங்கள், முள்ளுக்கு வாருங்கள். ஒரு கூட்டத்தில் இலைக்காம்பின் அடியில் இருக்கும் செதில்களே முள்ளாக மாறியிருக்கும். அதனால் எப்போதும் சோடிதான். பெரும்பாலும் நேராக, வெளுப்பாக நீண்டிருக்கும். இது வாச்செல்லியா. நம்ம ஊர்க் கருவேலம் இந்த வகை. இன்னொரு கூட்டத்தில் முள் தண்டின் மேல்தோலிலிருந்து கிளம்பி, பூனை நகம் போல வளைந்திருக்கும். கையை உள்ளே விட்டால் சட்டையோடு பிடித்துக்கொள்ளும். இது செனகாலியா. அரபுக் கோந்து தரும் 'செனகாலியா செனகல்' என்ற இனத்தில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று முள்: நடுவில் இருப்பது கீழ்நோக்கி வளையும், பக்கத்து இரண்டும் மேல்நோக்கும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஏமாற்றும் செடிகளும் உண்டு. குடை மரமான வாச்செல்லியா டோர்டிலிஸின் ஒரே கிளையில் நீண்ட நேர்முள்ளும் குட்டை வளைமுள்ளும் கலந்திருக்கும். கென்யாவின் கரிசல் மண்ணில் வளரும் 'விசில் முள்' புதரில் முள்ளின் அடி உருண்டையாக உப்பி, அதற்குள் எறும்பு குடியிருக்கும். எறும்பு போட்ட ஓட்டையில் காற்று புகுந்தால் சீழ்க்கை கேட்கும். உப்பிய முள்ளைக் கண்டதும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். 'வாச்செல்லியா செயல்' என்ற இனத்தின் ஒரு வகையிலும் அப்படி உண்டு. அங்கே பட்டையைப் பார்க்க வேண்டும்.

பூவை மட்டும் நம்பினாலும் வம்புதான். பந்து போன்ற பூ வாச்செல்லியாவுக்கு, கதிர் போன்ற பூ செனகாலியாவுக்கு என்பார்கள். ஆனால் நம்ம சீகைக்காய் செனகாலியா. அதன் பூவோ பந்து!

மரபணு ஆய்வுகள் வந்த பிறகு பழைய அகேசியா ஒரே குடும்பக் கிளை இல்லை என்பது உறுதியானது. அப்புறம்தான் சண்டை. தாவரப் பெயரிடல் விதிப்படி, மாதிரி இனம், அதாவது ஒரு பேரினத்தின் பெயருக்கு அடையாளமாக வைத்த இனம், எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் பழைய பெயரும் போக வேண்டும். அகேசியாவுக்கு மாதிரி இனம் கருவேலம். அப்படியானால் பெயர் ஆப்பிரிக்கா, ஆசியா பக்கம் நின்றிருக்கும். ஆஸ்திரேலியாவின் ஏறக்குறைய 1000 இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க, மாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றலாம் என்ற முன்மொழிவு 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியலாளர் மாநாட்டுக்கு வந்தது. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தார்கள். ஆனால் தடுக்க 60 சதவீதம் வேண்டும், அது கிடைக்கவில்லை. அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, கருவேலம் வாச்செல்லியா ஆனது. 2011இல் மெல்போர்னிலும் அதே முடிவு நின்றது. என்னைக் கேட்டால், வசதிக்காக விதியை வளைத்த முடிவு அது. வளைத்ததால் குழப்பம் குறைந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

வாச்செல்லியா அப்போது புதிதாகக் கண்டுபிடித்த பெயர் இல்லை. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட்டோடு சேர்ந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் வைத்தது. ஆப்பிரிக்கச் சவன்னாவின் இன்னொரு முக்கியப் புதருக்கும் இன்றுள்ள அறிவியல் பெயர் அதே நூலில்தான் அமைந்தது: டைக்ரோஸ்டாக்கிஸ் சினேரியா, நம்ம விடத்தலை. தூரத்தில் பார்த்தால் வேல மரத்துக் குட்டி மாதிரியே இருக்கும். கிட்டப் போனால் முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கும், ஏனென்றால் அந்த முள் ஒரு பக்கக் கிளையின் நுனி. தொங்கும் பூக்கதிரில் மேல் பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள்.

நமீபியாவில் மேய்ச்சல் நிலத்தை மூடும் புதர்களில் விடத்தலையும் உண்டு, கொக்கி முள்ளுள்ள செனகாலியா மெல்லிஃபெராவும் உண்டு. விடத்தலையை வெட்டிவிட்டுப் போனால் வேரிலிருந்து சுற்றிலும் புதுக் கன்றுகள் கிளம்பும். அதனால் அங்கே அரிவாளை எடுக்கும் முன்பே முள்ளைப் பார்த்தாக வேண்டும்.