தையல் தெரியாத குரல்

நேயர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊர்க்காரன். தோட்டத்து ரப்பர் ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் பாட்டுக் கேட்க உயர்தர ஸ்பீக்கர் வாங்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

ஸ்பீக்கர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாரியம்மன் கோயில் திருவிழாவில் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டிவைத்த குழாய்தான். தோட்டத்துக் கடைசி லயத்து வீடு வரைக்கும் பாட்டுப் போகும், ஆனால் வார்த்தை பாதி விளங்காது. குழாயைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்துக்குக் கேட்கவென்றே செய்தது அது. பன்னிரண்டு அடி அறையில் உட்கார்ந்து கேட்க வேறு சாமான் வேண்டும்.

அந்த அளவு அறைக்கு டூ-வே ஸ்பீக்கரே போதும் என்பது என் கட்சி. பெட்டியில் இரண்டே பேர். கனத்த ஓசைக்கு வூஃபர், உச்ச ஓசைக்கு ட்வீட்டர். வருகிற ஓசையைப் பிரித்து அவரவர் பங்கைக் கொடுப்பது உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர். பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள், அதாவது வினாடிக்கு அத்தனை அதிர்வுக்குள், இந்தக் கைமாற்றம் நடக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அந்த இடத்திலிருந்துதான். சட்டையில் தையலைக் கொண்டுபோய் நெஞ்சுக்கு நேரே போட்ட மாதிரி! அந்தத் தையல் தெரியாமல் செய்வதற்குத்தான் ஆயிரக்கணக்கில் மலேசிய வெள்ளி கேட்கிறார்கள்.

தையலை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை நம்பாதீர்கள். கண்ணாடி உடைவதும் டிரம் அடிப்பதும் எந்தப் பெட்டியிலும் அசத்தும். உங்களுக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். சுசீலா அம்மா பாடியதாக இருந்தால் இன்னும் நல்லது. 'ச' வரும்போது ஊசி குத்துகிறதா? அடித்தொண்டையிலிருந்து உச்சத்துக்குப் போகையில் பாடுகிறவர் ஆளே மாறிவிட்டது போல இருக்கிறதா? பழைய மோனோ பதிவில், அதாவது ஒரே தடத்தில் பதிந்த பாட்டில், குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். அகலமாகப் பரவிக் கிடந்தால் ஜோடி பொருந்தவில்லை, இல்லையென்றால் வைத்த இடம் சரியில்லை. அடுத்து நாகஸ்வரம். அது காதைக் கிழிக்காமல் கம்பீரமாக வந்துவிட்டால் பாதிப் பரீட்சை முடிந்தது.

மனிதக் குரலை வைத்துச் சோதிப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1970களில் பிபிசி பொறியாளர்கள் வெளியிடங்களுக்குப் போய் ஒலிபரப்பும் வண்டிக்குள் வைப்பதற்காக எல்எஸ் 3/5ஏ என்று ஒரு குட்டிப் பெட்டியை வடிவமைத்தார்கள். உயரம் ஓர் அடிதான். இடி மாதிரி அடிநாதம் அதில் வராது, ஆனால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே வரும். அரை நூற்றாண்டு கழித்தும் அதே வடிவத்தைச் செய்து விற்கிறார்கள்.

ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு கடை. கம்பளம், தடித்த திரை, சாய்வு நாற்காலி. கேட்டேன், மயங்கினேன், வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் தரை முழுக்க மொசைக், சுற்றிலும் சிமெண்டுச் சுவர். பாட்டு தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிறது. "இதுக்கா இவ்வளவு காசு?" என்று வீட்டுக்காரம்மா கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

அறையும் ஒரு வாத்தியம் என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டு சுவருக்கு நடுவே 12 அடி இருந்தால் 47 ஹெர்ட்ஸ் அருகில் ஓசை வீங்கும். என் அறை நீளமும் 12, அகலமும் 12. இரண்டு வீக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ள, தவிலின் தொப்பிப் பக்கம் அண்டா உருட்டுவதுபோல் கேட்டது. பெட்டியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்தேன். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் ஏற்றினேன். ஒரு பாய், ஒரு கனத்த திரை, ஒரு புத்தக அலமாரி. அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் ஆகிவிட்டது. ஆகவே, ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கத் தருகிற கடையில் வாங்குங்கள். மாட்டேன் என்றால் ஈப்போவில் அடுத்த கடைக்கு நடங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் எடுங்கள். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் ஈரக்காற்றில் நாளடைவில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நீடித்து உழைக்கும். ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவன் வேறு எப்படிச் சொல்வான்! பெட்டிகள் பெரும்பாலும் எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. மலேசியாவில் அந்தப் பலகையைப் பால்மரத்திலிருந்துதான் அதிகம் செய்கிறார்கள். பெட்டியின் பின்னால் துளை இருந்தால் அவ்வப்போது எட்டிப் பாருங்கள். என் வலப்பக்கத்துப் பெட்டியில் ஒரு தடவை குளவி கூடு கட்டியிருந்தது.

ஆம்ப்ளிஃபையர் பற்றி ஒன்றே ஒன்று. ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது கொடுத்த வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் தேவை. 84 டெசிபல் என்று போட்டதை வாங்கிவிட்டு 87 டெசிபலுக்குப் பொருத்தமான சின்ன ஆம்ப்ளிஃபையரை மாட்டினால் பெட்டி மூச்சுத் திணறும்.

அப்புறம், சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்தால் பாட்டை நிறுத்திப் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது எந்த ஸ்பீக்கரும் காதில் விழாது. இடி விழுந்து ஆம்ப்ளிஃபையர் கருகினால் அந்த வாசனை மூன்று நாள் போகாது. வணக்கம்.