ஆட்டப் பாட்டுக்கு மட்டும் மெட்டு இல்லை

வணக்கம் மக்களே. மைக் வேலை செய்கிறதா? சரி.

"விகோ கடலின் அலைகளே, என் அன்பனைப் பார்த்தீர்களா? ஐயோ கடவுளே, அவன் சீக்கிரம் வருவானா?"

கேட்பது ஒரு பெண். எழுதியது மார்ட்டின் கோடாஷ் என்ற ஆண். விகோ, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில் இருக்கும் துறைமுகம். 13ஆம் நூற்றாண்டில் அங்கேயும் போர்ச்சுகலிலும் பாட்டுக் கட்டிய மொழியைக் கலீசிய-போர்த்துகீசியம் என்கிறோம். பெண் குரலில் வரும் காதல் பாட்டு 'கான்டிகா தெ அமிகோ'. அமிகோ என்றால் நண்பன், ஆனால் இங்கே காதலன்தான். ஆண் பேசினால் 'கான்டிகா தெ அமோர்'. அதில் சீமாட்டி திரும்பிப் பார்க்க மாட்டாள், இவர் செத்துப்போகிறேன் என்று புலம்பிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் நமக்கே அலுத்துவிடும்.

பக்திப் பாடல்களை விட்டுவிட்டால், ஏறக்குறைய 1,680 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. மெட்டோடு கிடைத்தவை? பதின்மூன்றே. லிஸ்பனில் இருக்கும் அஜூடா சுவடியில் இசைக்கோடுகளுக்கு இடம் விட்டு எழுதினார்கள். சுரம் எழுத ஆள் வரவே இல்லை.

அந்தப் பதின்மூன்றில் ஏழு, 137 பாட்டு எழுதிய போர்ச்சுகல் மன்னர் டினிஸுடையவை. 1990இல் ஹார்வி ஷாரர் என்ற ஆய்வாளர் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார். ஒரு பழைய பதிவேட்டுக்கு அட்டையாகக் கிடந்த கிழிந்த தோல்தாள். மீதி ஆறும் கோடாஷுடையவை. 1914 வாக்கில் மாட்ரிட் புத்தக வியாபாரி பெட்ரோ விண்டேல், சிசரோ நூல் ஒன்றின் பைண்டிங்குக்குள் ஒரு தோல்தாளைப் பார்த்தார். ஒரே தாளில் ஏழு பாட்டு, ஆனால் ஆறுக்குத்தான் இசை. இன்று அது நியூயார்க்கில், மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று ஒட்டுக்குப் போட்டதுதான் தப்பியிருக்கிறது, பாருங்கள்.

பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் கண்ணியில் "விகோ கடல்", "அமிகோ". அடுத்ததில் அதே வரி, கடைசிச் சொல் மட்டும் மாறும்: "பொங்கும் கடல்", "அமாதோ". பல்லவி மாறாது. கதை நகராது; அவள் கேட்டதையே கேட்கிறாள். காத்திருப்பவர்கள் அப்படித்தானே பேசுவார்கள்? தாளில் சுரம் மேலே போவதும் கீழே இறங்குவதும் தெரிகிறது. தாளம் தெளிவாக இல்லை. அதனால் ஒருவர் இழுத்துப் பாடுவார், இன்னொருவர் ஆட்டம் போடுகிற மாதிரி பாடுவார். இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பாட்டா என்று சந்தேகம் வரும்.

அப்புறம், ஏழில் ஆறுக்குத்தான் இசை என்றேன் இல்லையா? விடுபட்டது ஆறாவது. விகோவில் தேவாலய வளாகத்தில் ஓர் அழகி ஆடுகிறாள், "எனக்குக் காதல் வந்திருக்கிறது!" என்பது பல்லவி. ஏழில் ஆட்டத்தைப் பற்றிய பாட்டு இது ஒன்றுதான், இதற்குத்தான் மெட்டு இல்லை! மற்ற ஆறில் ஒன்றின் மெட்டைக் கடன் வாங்கி இதைப் பாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. அவை காத்திருக்கும் மெட்டுகள், இவளோ ஆடுகிறாள். வெறும் கைத்தட்டலோடு சொல்லிப் பார்க்கிறேன், குரலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்:

"எனோ சக்ராதோ, என் விகோ, பைலாவா கோர்ப்போ வெலிதோ... அமோர் எய்!"