சம்மணம் போட்டு உட்கார ஒரு கால்

நுண்கலைக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், அங்கங்கே கொஞ்சம் சரிசெய்து.

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பின்னால் மேஜையில் ஷீல்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் பேசி முடித்ததும் என் கையால்தான் கொடுக்க வேண்டுமாம். வாங்கப் போகிறவர்களில் சிலர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வாங்குங்கள், சந்தோஷமாக வாங்குங்கள், வீட்டில் அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு கைவினைஞரைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

ராம்சந்திர சர்மா என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். சரி, ஒருவரும் இல்லை. ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால்? பாருங்கள், பாதி அரங்கம் கை தூக்குகிறது. அந்தக் கால் அவர் கை செய்தது.

மாஸ்டர்ஜி என்றுதான் ஜெய்ப்பூரில் அவரைச் சொல்வார்கள். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. கையில் தொழில் இருந்தது, எந்தப் பொருளை எடுத்தாலும் வடிவம் கொண்டுவந்துவிடுகிற தொழில். அங்கே சவாய் மான்சிங் மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கப் போனவர், அதே வளாகத்தில் எலும்பு மருத்துவரான டாக்டர் பி.கே. சேத்தியின் பிரிவில் நடப்பதைக் கவனிக்க ஆரம்பித்தார். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கொடுத்து அனுப்புகிறார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அதே ஆள் கட்டைகளை அக்குளில் ஊன்றிக்கொண்டு திரும்பி வருகிறார். கொடுத்த கால் எங்கே என்றால் வீட்டில் மூலையில் கிடக்கிறது.

அந்தக் கால் மோசமான கால் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, எந்நேரமும் ஷூ போட்டுக்கொண்டு, சமமான தரையில் நடக்கிற ஊருக்கு அது நல்ல கால்தான். நம் ஆட்கள் எப்படி வாழ்கிறோம்? தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம், குத்துக்காலிட்டுக் களை எடுக்கிறோம், கழிப்பறையிலும் குந்தித்தான் உட்கார வேண்டும், கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், வயலில் சேற்றில் இறங்க வேண்டும். கணுக்கால் மடங்காது, ஷூ இல்லாமல் நடக்க முடியாது, தண்ணீர் பட்டால் வீணாகிவிடும் என்ற ஒரு காலை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வார்?

மாஸ்டர்ஜி மரத்தில் செய்து பார்த்தார், வேறு வேறு பொருளிலும் செய்து பார்த்தார், சரிவரவில்லை. ஒரு நாள் சைக்கிளில் போகும்போது டயரில் காற்று இறங்கி, அதைப் பார்த்ததில்தான் ரப்பர் யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் போய் நின்ற இடம் லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்கிற கடை, தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிக் கொடுப்பார்களே, அது. அதுதான் எனக்குப் பிடித்த இடம். உலகத்து மூட்டு இயந்திரங்களை எல்லாம் விட்டுவிட்டு, தெருவில் இருக்கிற டயர் கடைக்குப் போய் நிற்கத் தோன்றியது பாருங்கள்.

அந்தப் பாதத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று துண்டுகள் இருக்கும். குதிகாலில் ஸ்பாஞ்ச் ரப்பர், விரல் பக்கம் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்கால் பக்கம் ஒரு மரக்கட்டை. மூன்றையும் ரப்பரால் சுற்றி, பாத வடிவ அச்சுக்குள் வைத்து, டயரை வேகவைப்பது போலவே வேகவைத்து எடுக்கிறார்கள். வெளியே வரும்போது அது நம் பாதம் மாதிரியே இருக்கிறது. தோல் நிறம், விரல்கள், செருப்பு மாட்டுவதற்குக் கட்டைவிரல் இடுக்கு எல்லாம் இருக்கிறது. மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். மேடு பள்ளத்தில் ஊன்றினால் தரைக்குத் தகுந்தபடி வளைந்துகொள்ளும். தண்ணீரில் நிற்கலாம், வெறுங்காலோடு நடக்கலாம். நடுவே சிக்கலான இயந்திர மூட்டு ஒன்றுகூட இல்லை. 1968இல் இது ஒரு வடிவத்துக்கு வந்தது.

இனி விருது. 1981இல் டாக்டர் சேத்திக்கு ஆசியாவின் நோபல் என்று சொல்கிற மகசேசே விருது, அதே வருடம் பத்மஸ்ரீ. மாஸ்டர்ஜி பெயரில் அந்த மேடை இல்லை. உண்மையில் யார் கண்டுபிடித்தது என்ற பேச்சு பிறகு நிறைய நடந்தது. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகப் போவதில்லை. டாக்டர் இல்லாமல் அந்தக் கைக்கு மருத்துவமனை கதவு திறந்திருக்காது, அந்தக் கை இல்லாமல் டாக்டரின் யோசனைக்கு உருவம் வந்திருக்காது. வேலை செய்தவன் பெயரைச் சொல்லாமல் விடுவது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளைக்கு நீங்கள் யாரோடாவது சேர்ந்து வேலை செய்தால் உங்கள் பெயரையும் கூலியையும் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். கைவேலை செய்கிறவனிடம் மட்டும் “உனக்கு எதற்குப் பணமும் பெயரும், மனநிறைவு போதாதா” என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நான் பேசுவது அது இல்லை.

நான் பேசுவது இது. ஒரு பொருளைச் செய்யும்போது உங்கள் மனசுக்குள் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் யார்? மாஸ்டர்ஜியின் மனசுக்குள் உட்கார்ந்திருந்தது கட்டையை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்த ஆள். அதனால்தான் அவர் கை டயர் கடைக்குப் போனது. அவர் மனசுக்குள் ஒரு நடுவர் குழு உட்கார்ந்திருந்தால் கை வேறு எங்காவது போயிருக்கும், பளபளவென்று ஏதோ செய்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல பொருள் பிறந்துவிட்டாலே போய்ச் சேர்ந்துவிடாது. 1968இல் பாதம் தயார், ஆனால் அடுத்த பல வருடங்களில் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் மிகச் சிலர்தான். நிலைமை மாறியது 1975இல். டி.ஆர். மேத்தா என்று ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1969இல் ஒரு விபத்தில் கால் நொறுங்கி, இழக்க இருந்து தப்பியவர், பகவான் மகாவீர் விக்லாங் சஹாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார். கால் இலவசம். முன்பதிவு எல்லாம் வேண்டாம், எந்த நேரத்தில் வந்தாலும் தங்க இடம், சாப்பாடு, பெரும்பாலும் ஒரே நாளில் காலோடு வீடு திரும்பலாம். அந்தப் பாதத்துக்குக் காப்புரிமையும் வாங்கி வைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இன்று லட்சக்கணக்கானவர்கள் அதில் நடக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்திலேயே, ஜெய்ப்பூர் என்ற பெயரைத் தாங்கியே ஒரு நிலையம் இந்தக் காலைச் செய்து கொடுத்தது.

விருதால் ஒரு பயனும் இல்லையா என்றால், இருக்கிறது, மறைக்க மாட்டேன். சுதா சந்திரனை உங்களுக்குத் தெரியும், சீரியலில் பார்த்திருப்பீர்கள். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பேருந்து விபத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது, பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருந்த பெண். மகசேசே விருது பெற்ற டாக்டர் என்று சேத்தியைப் பற்றிப் படித்துத்தான் ஜெய்ப்பூருக்குப் போனார். 1984இல் மறுபடி மேடை ஏறி ஆடினார். அந்த விருது ஊர்ப் பெயர் எழுதிய கைகாட்டி மரம் மாதிரி ஒருவருக்கு வழி காட்டியது. விருதுக்கு அந்த மதிப்பைக் கொடுங்கள், போதும். கைகாட்டி மரத்தின் அடியிலேயே யாரும் குடியிருப்பதில்லையே.

இதை எல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டு பேசவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன் ஒரு போஸ்டர் செய்தேன். கறுப்புப் பின்னணி, நடுவில் வெடித்த மண்பானை மாதிரி ஒரு பாதம், கீழே ஒரே ஒரு வரி. அதற்கு விருது கிடைத்தது. பிறகு ஒரு மருத்துவமனை வராண்டாவில் அதை மாட்டியிருந்தார்கள். அதன் அடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, காலில் கட்டு, வெறுங்கால். “அம்மா, இந்தப் படம் என்னன்னு தெரியுதா?” என்று கேட்டேன். நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். “ஏதோ செருப்பு விளம்பரம் போலிருக்கு தம்பி” என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவுக்காகத்தான் அதைச் செய்ததாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நோட்டுப் புத்தகத்தோடு அதே வராண்டாவுக்குப் போனேன். ஒரு சின்ன அட்டை, நாலு படம், எழுத்தே கிடையாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், கழுவ வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, அவ்வளவுதான். முதல் படத்தில் ஒரு பெண் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது போல வரைந்தேன். காட்டிய எல்லோரும் “பவுடர் போடுது” என்றார்கள். மூன்று தடவை மாற்றினேன். நாலாவது தடவை, அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, மகள் குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பது போல வரைந்ததும் ஒரு பாட்டி சொன்னார், “ஆமா, எனக்குக் கண்ணு தெரியாது, எம் பொண்ணுதான் பாக்கணும்.” அப்புறம்தான் விட்டேன். அந்த அட்டையில் என் பெயர் இல்லை, எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. ஜெராக்ஸ் எடுத்து, அதையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, கோடெல்லாம் மங்கிப்போய், நான் போகாத ஊர்களில் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அந்த அட்டையை வைத்துத்தான் ஒரு செயற்கைக் கால் முகாமுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். பெரியவர் ஒருவர், அறுபது வயது இருக்கும், தென்னந்தோப்பு வேலை. காலில் முள் குத்தியது தெரியவில்லை, சர்க்கரை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாவுக்கட்டு போட்டு அளவு எடுத்தார்கள், பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் இளக்கி அச்சின் மேல் இழுத்தார்கள், கத்தரித்தார்கள், கடைசியில் அந்த ரப்பர் பாதத்தைத் திருகாணி வைத்து முடுக்கினார்கள். எழுந்து நின்றார். கம்பியைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். எல்லோரும் கைதட்டினோம், அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, நல்ல காலை மடக்கி, புதுக் காலைக் கையால் பிடித்து மேலே தூக்கி வைத்துச் சம்மணம் போட்டார். போட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா மஞ்சள் பையைத் திறந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தார். வலது கால் செருப்பு குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இடது கால் செருப்பில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் அப்படியே இருந்தது.