தண்ணீரிலிருந்து பார்த்த கோட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் பாரிஸ், ஐஃபல் கோபுரம் என்று ஆரம்பித்துவிடுவேனோ என நினைத்து யாரும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். இன்றைக்குப் பாரிஸ் பக்கமே போகப் போவதில்லை.

நான் புதுச்சேரியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த நாட்டை நேரில் பார்த்தேன். மகள் பொர்தோ நகரத்தில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் கிழக்கே இரண்டரை மணி நேரம் போனால் சார்லா என்ற சின்ன ஊர். அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்துக்குப் பெரிகோர் என்பது பழைய பெயர். இப்போது அந்த வட்டாரத்தில் ஓடும் ஆற்றின் பெயரையே மாவட்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள்: தொர்தோஞ். நடு பிரான்ஸின் மலையில் தோர் என்றும் தோஞ் என்றும் இரண்டு ஓடைகள் சேருகின்றன, அங்கே பிறக்கும் ஆறு அது. நானூற்றெண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடி, பொர்தோவுக்கு வடக்கே கரோன் ஆற்றோடு கலந்து கடலுக்குப் போகிறது.

ஆயிரத்தொரு கோட்டைகள் உள்ள நாடு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். யார் எண்ணினார்களோ! ஆனால் எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் குன்றின் மேல் ஒரு கோட்டை நிற்பது உண்மைதான். என் மருமகன் முதல் நாள் ஐந்து கோட்டைகளைக் காரிலேயே காட்டிவிட்டார். வண்டியை நிறுத்த இடம் தேடுவது, ஏறுவது, இறங்குவது, மறுபடி வண்டி. சாயங்காலம் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, காலையில பார்த்ததும் இப்ப பார்த்ததும் ஒரே கோட்டையா, வேற வேறயா?" எனக்கே பதில் தெரியவில்லை.

மறுநாள் ஆற்றில் இறங்கினோம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான். அந்த ஊரை ஆற்றிலிருந்து பார்க்க வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கனோ என்று ஒரு படகு. நம் ஊர் ஓடம் மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கரையோரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு லைஃப் ஜாக்கெட், ஆளுக்கொரு துடுப்பு, அப்புறம் திருகு மூடி போட்ட வெள்ளை டிரம் ஒன்று. பணம், போன், மதியச் சாப்பாடு எல்லாம் அந்த டிரம்முக்குள். தண்ணீர் போகும் திசையிலேயே போய்க் கீழே ஓரிடத்தில் கரையேறினால் கடைக்காரரின் வேன் வந்து நம்மையும் படகையும் ஏற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், அது கட்டாயம். என் மனைவி கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் என்னைப் பற்றித்தான்.

செனாக் பாலத்தடியில் புறப்பட்டோம். இடப்பக்கம் தலைக்கு மேலே, மலை முகட்டில் தோம் என்ற ஊர். 1281-இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் பிலிப் கட்டச் சொன்ன மதில் ஊர். கொஞ்ச தூரம் போனதும் வலப்பக்கம் லா ரோக் கஜாக். ஒரு பெரிய பாறைச் சுவர், அதன் காலடியில் ஒட்டிக்கொண்டு தேன் நிறத்தில் வீடுகள், வீட்டு வாசலில் ஆறு. பாறை தெற்கே பார்த்து நிற்பதால் பகல் வெயிலையெல்லாம் உள்வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டில் அங்கே என்ன வளர்கிறது தெரியுமா? வாழை! பிரான்ஸில், ஒரு கிராமத்துச் சந்தில், வாழை மரம். படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுப் போய் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தோம். தார் எதுவும் கண்ணில் படவில்லை. இலையைப் பார்த்ததும் என் மனைவிக்குச் சாப்பாடு ஞாபகம் வந்துவிட்டது, டிரம்மைத் திறந்தோம். அதே பாறைதான் 1957-இல் ஒரு பகுதி சரிந்து விழுந்து மூன்று பேரைக் கொன்றது. அண்ணாந்து பார்த்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இடப்பக்கக் குன்றில் காஸ்தல்நோ கோட்டை. அதைக் கடந்து ஆறு வளைந்ததும் வலப்பக்கம், ஆற்றுக்கு மேலே நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையின் நெற்றியில் பெனாக் கோட்டை. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 1337-இல் தொடங்கி 1453 வரை இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் காஸ்தல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், பெனாக் பிரெஞ்சுக்காரர் பக்கம். நடுவில் இந்த ஆறு. முதல் நாள் காரில் போனபோது இரண்டும் இரண்டு தனித்தனி இடங்களாகத்தான் தெரிந்தன. படகில் உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டென்று புரிந்தது. இரண்டு கோட்டைகளின் ஜன்னல்களும் என்னையே பார்க்கின்றன! சாலை எது, சரக்கு போகும் வழி எது, எதிரி வரும் வழி எது? எல்லாம் இந்தத் தண்ணீர்தான். அவர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது ஆற்றில் போகிறவனைப் பார்ப்பதற்காக. அப்போது நாமும் ஆற்றில் போகிறவனாக இருந்தால்தானே அந்தக் கோட்டை என்னவென்று தெரியும்? அதனால்தான் சொல்கிறேன், ஆற்றிலிருந்து பார்க்க வேண்டும்.

இப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்ததில் துடுப்பை மறந்துவிட்டேன். கூழாங்கல் திட்டில் கரகரவென்று ஏறி நின்றுவிட்டது படகு. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இறங்கித் தள்ளினேன். தள்ளின வேகத்தில் என் ரப்பர் செருப்பில் ஒன்று கழன்று, எனக்கு முன்னால் ஜம்மென்று பெனாக் கோட்டைக்குக் கிளம்பிவிட்டது. பின்னால் வந்த படகில் இருந்த பிரெஞ்சுப் பிள்ளைகள் அதைத் துரத்திப் பார்த்தார்கள். அகப்படவில்லை.

ஒற்றைச் செருப்போடு கரையேறினேன். வேனுக்குக் காத்திருந்த நேரத்தில், படகுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "ஐயா, மூன்று பேர் உட்கார்ந்த பிளாஸ்டிக் படகே தட்டுகிறது. இந்த ஆற்றிலா சரக்குப் படகு ஓடியது?" அவர் சிரித்தார். "ஆகஸ்டில் வந்து கேட்கிறீர்களே!" என்றார். அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்த கதை வேன் வந்தும் முடியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கதையைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், யார் கிடைத்தாலும் சொல்கிறேன். இன்றைக்கு நீங்கள் அகப்பட்டீர்கள்.

அந்தச் சரக்குப் படகுக்குக் கபார் என்று பெயர். அடி தட்டையான மரப் படகு. ஆற்றின் மேல்பகுதியில் அர்ஜோந்தா என்று ஓர் ஊர், சுற்றிலும் மலைக்காடு. கீழே பெர்ஜெராக்கிலும் பொர்தோவிலும் திராட்சைத் தோட்டங்கள். கீழே இருப்பவனுக்கு மது ஊற்றிவைக்கப் பீப்பாய் வேண்டும், பீப்பாய்க்கு ஓக் பலகை வேண்டும், கொடி படரக் குச்சி வேண்டும். எல்லாம் மேலே காட்டில் இருக்கிறது. சரி, எப்படிக் கொண்டுபோவது? படகைக் கட்டினார்கள், பலகையையும் குச்சியையும் ஏற்றினார்கள், காத்திருந்தார்கள். எதற்கு? தண்ணீருக்கு. கோடையில் நம் படகு மாதிரி தட்டி நிற்கும். பெருவெள்ளம் என்றால் பாறையில் அடித்து உடைந்துபோகும். அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல், வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள் மட்டும் ஆறு சரியான அளவில் ஓடும். அந்தத் தண்ணீருக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள், வணிகத் தண்ணீர்! ஆற்றின் மட்டம் அந்த அளவுக்கு வந்துவிட்டது என்றால் அவ்வளவுதான், எல்லாப் படகும் ஒரே ஓட்டமாகப் புறப்பட வேண்டியதுதான்.

கீழே போய்ச் சேர்ந்தாயிற்று. சரக்கும் இறக்கியாயிற்று. படகு எப்படித் திரும்பும்? அந்த இழுப்புக்கு எதிராக மலைக்கு ஏற்ற முடியாது. திரும்பவே இல்லை! அங்கேயே படகை உடைத்துப் பலகையையும் விற்றுவிட்டார்கள். விறகாகப் போனதும் உண்டு. ஒரே ஒரு பயணத்துக்காக ஒரு படகு. அதற்குத் தகுந்த மாதிரி மட்டமான மரத்தில்தான் கட்டினார்கள். படகோட்டிகள் கையில் காசோடு, வந்த தூரமெல்லாம் கால்நடையாக வீடு திரும்பினார்கள். அடுத்த தண்ணீருக்கு அடுத்த படகு. எனக்கு ஒரு செருப்பு போனதற்கே அன்றைக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் கதை வேறு. அங்கே ஆறு கொஞ்சம் சாது. அந்தப் பக்கத்துப் படகுகள் உறுதியானவை, திரும்பியும் வரும். கடல் பக்கமிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு சூய்யாக் வரை எதிர்நீரில் வந்தன. ஆட்களும் மாடுகளும் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது, கபார் போனது. இன்றைக்கு லா ரோக் கஜாக்கில் நிற்கும் கபார்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் போய்வருபவை.

அந்த ரயிலாவது இருக்கிறதா? சார்லாவிலிருந்து கிழக்கே போன பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, இப்போது அந்தத் தடத்தில் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ரயில் தடமாயிற்றே, மேடு பள்ளமே கிடையாது. என் வயதுக்காரர்களும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். இரண்டு பக்கமும் அக்ரூட், அதாவது வால்நட் தோப்புகள். அங்கே வால்நட் கேக் இல்லாத பேக்கரியே இல்லை, வால்நட் எண்ணெயும் ஆட்டி விற்கிறார்கள். நடக்கப் பிரியம் உள்ளவர்களுக்கு மரத்திலும் கல்லிலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு தீட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே போனால் நாள்கணக்கில் நடக்கலாம். கோடு இரண்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட்டிருந்தால் தப்பான வழி, திரும்பிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம். பார்த்தீர்களா, செருப்புக் கதையில் பொழுது போய்விட்டது! பெனாக்குக்குக் கீழே மிலாந்த் என்ற மாளிகை இருக்கிறது. பாட்டும் நடனமுமாகப் பாரிஸைக் கலக்கிய ஜோசஃபின் பேக்கர் அங்கே பல நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். கடனில் மாளிகை கைவிட்டுப் போனது. நாட்டின் பெரியவர்களுக்கான நினைவு மண்டபமான பாந்தியோனில் 2021-இல் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அதை விரித்துச் சொல்லத்தான் குறிப்பு எழுதிவந்தேன். போகட்டும்.

லாஸ்கோ குகையைப் பற்றியாவது சொல்லிவிடுகிறேன். தொர்தோஞ்சின் கிளை ஆறு வெசேர். அதன் கரையில் மோந்திஞாக் ஊருக்கு அருகே, 1940 செப்டம்பரில் மர்செல் ரவிதா என்ற பதினெட்டு வயது இளைஞன் மூன்று நண்பர்களோடு ஒரு குழிக்குள் இறங்கினான். உள்ளே குகைச் சுவரெல்லாம் காளை, குதிரை, மான். பதினேழாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத ஓவியங்கள் என்கிறார்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டமான கூட்டம். அத்தனை பேர் விட்ட மூச்சுக்காற்றில் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-இல் மூடினார்கள், மூடியதுதான். இன்று நாம் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகல். நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் உள்ளே போனேன். அந்தப் பெரிய காளையின் கீழே நின்றதும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அசல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் லே செய்சியில் உள்ள ஃபோந்த் கோம் குகைக்குப் போகலாம். வண்ணம் தீட்டிய காட்டெருமைகளை இன்னும் நேரிலேயே காட்டுகிறார்கள். ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

கையை ஆட்டுகிறார்கள், முடிக்கச் சொல்லி. போகிறவர்கள் பின்வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.