காலடிச் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். மாடிப்படியில் ஏறி வருவது யார் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடுவோம், இல்லையா? அப்பாவின் செருப்புச் சத்தம் ஒரு தினுசு, தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவுவது ஒரு தினுசு. பழைய ஹாலிவுட் நடனக்காரர்களையும் நான் அப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறேன்.

நடனத்தை வானொலியில் எப்படிக் காட்டுவீர்கள் என்று இங்கே கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான பிரெட் அஸ்டேர் 1936-லேயே அமெரிக்க வானொலியில் ஆடியிருக்கிறார்! ஷூவுக்கு அடியில் உலோகத் தகடு, அது தரையில் போடும் தாளம், அதுதான் டேப் நடனம். பாதி காதுக்குத்தான்.

அஸ்டேரின் கால் தரையைத் தொட்டதா, தொடாமலே சத்தம் வந்ததா என்று சந்தேகமாக இருக்கும். உடம்பு மேல்நோக்கியே நிற்கும். இன்னொரு நட்சத்திரம் ஜீன் கெல்லி நேர்மாறு. முழங்காலை மடக்கி, தரையோடு மல்லுக்கு நிற்பார். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கி ஆடிய உடம்பு. அஸ்டேருக்கு வால்கோட்டு, கெல்லிக்கு மடித்துவிட்ட சட்டைக்கை, கால் தெரிய வெள்ளை சாக்ஸ்.

1935-ல் வந்த 'டாப் ஹாட்' படப்பிடிப்பில் நடந்த கதை ஒன்று. எனக்குச் சொல்லிச் சலிக்காது. அஸ்டேரோடு ஜோடியாக ஆடும் ஜிஞ்சர் ரோஜர்ஸ் உடம்பெல்லாம் நெருப்புக்கோழி இறகு தைத்த கவுன் போட்டு வந்தார். ஒத்திகையில் ஒரு சுற்றுச் சுற்றினாரோ இல்லையோ, தலையணை கிழிந்த மாதிரி இறகு பறந்தது. அஸ்டேரின் கண்ணில், மூக்கில், கோட்டில் எல்லாம் இறகு. மனிதர் கொதித்துப்போனார். ஜிஞ்சரோ கவுனை மாற்றவே மாட்டேன் என்றார். கடைசியில் ஒவ்வொரு இறகாக இறுக்கித் தைத்தார்கள். அப்படியும் படத்தில் ஒன்றிரண்டு மிதந்து இறங்கும், கவனித்துப் பாருங்கள். பிறகு அஸ்டேரே ஜிஞ்சருக்குத் தங்கத்தில் ஒரு இறகு செய்து கொடுத்து சமாதானமானார்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன்? அஸ்டேரின் நடனத்துக்கு எதிரில் ஒருவர் வேண்டும். சண்டை போடவாவது வேண்டும். ஆள் இல்லையா, 1951-ல் 'ராயல் வெட்டிங்' படத்தில் தொப்பி மாட்டும் கம்பத்தோடு ஆடினார். கம்பமே வெட்கப்படுகிற பெண் மாதிரி ஆகிவிட்டது. மறு வருஷம் 'சிங்கின் இன் தி ரெயின்' படத்தில் மழையில் ஆடிய கெல்லியின் குடை? அது கடைசிவரை குடைதான். கையில் குடை கிடைத்த பையன் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்கிறார். அன்றைக்கு அவருக்கு 103 டிகிரி காய்ச்சல் வேறு. ஒருவர் கம்பத்தையும் துணையாக்கினார், இன்னொருவர் தெருவையே விளையாட்டுச் சாமானாக்கினார். யார் பெரியவர் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். காலையில் கெல்லி என்பேன், ராத்திரி அஸ்டேர் என்பேன்.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். டேப் நடனக்காரி எலினார் பவல் பற்றிக் குறிப்பெடுத்து வந்தேன், போகட்டும். நிக்கலஸ் சகோதரர்களை மட்டும் விட முடியாது. ஃபேயார்ட், ஹரோல்ட், இரண்டு கறுப்பினச் சகோதரர்கள். நிறவெறி மிகுந்த அமெரிக்கத் தெற்கு மாநிலத் தியேட்டர்களில் வெட்டி எறிய வசதியாக, அவர்கள் ஆடும் காட்சியைக் கதையோடு ஒட்டாமலே எடுப்பார்கள். 1943-ல் 'ஸ்டார்மி வெதர்' படத்தில் பெரிய படிக்கட்டு. ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் தாண்டி, அடுத்த படியில் இரண்டு காலையும் விரித்து உட்கார்ந்தபடி இறங்குவார். உடனே அவரைத் தாண்டி முதலாமவர். இப்படியே கீழ்ப்படி வரைக்கும். கையை ஊன்றாமல் எழுந்துவிடுவார்கள், அதுதான்... சரி, சிவப்பு விளக்கு. வணக்கம்.